கூரையில் முட்டும் அலை

சிங்கப்பூரின் தேக்கா சந்தையிலிருந்து ரோச்சோர் கால்வாய்ப் பக்கமாக நடந்தால் ஜாலான் புசாரில் சிம் லிம் டவர் வரும். அருகே, சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் சிம் லிம் ஸ்குவேருக்குத்தான் பெயர் அதிகம். கணினி, கேமரா, கைப்பேசி என்று சுற்றுப்பயணிகள் அங்கேதான் போவார்கள். டவருக்குப் போகிறவர்கள் வேறு ரகம். சாலிடரிங் ஈயம், ரெசிஸ்டர், ஸ்பீக்கர் கம்பி என்று தேடுகிறவர்கள். அவர்களில் ஒலியை மாற்றும் பெடல்களைச் சொந்தமாகச் செய்து பார்க்கும் கிதார்க்காரர்களும் உண்டு. அவர்களுடைய பட்டியலில் இருப்பவற்றில் மிகச் சிறிய பொருள் 1என்4148 என்ற டயோடு. சுமார் 4 மில்லிமீட்டர் நீளமுள்ள கண்ணாடிக் குழல், ஓர் ஓரத்தில் கறுப்பு வளையம், விலை சில காசு. இரண்டை எதிரெதிர்த் திசையில் இணைத்துக் கிதார் ஒலி போகும் வழியில் வைத்தால் ராக் இசையில் பாதி கைக்கு வந்துவிடும்.

சிலிக்கான் டயோடு ஏறத்தாழ 0.6 வோல்ட் வரை மின்னோட்டத்தைத் தடுத்து நிற்கும். அதைத் தாண்டியதும் கதவைத் திறந்துவிடும். கிதாரிலிருந்து வரும் அலை மேலே ஏறி 0.6 வோல்ட்டைத் தொட்டதும் ஒரு டயோடு திறந்து மிச்சத்தை வழித்துக்கொண்டு போகிறது. அலை கீழே இறங்கி அந்தப் பக்கம் அதே அளவைத் தொடும்போது மற்றது திறக்கிறது. உருண்டு ஏறி உருண்டு இறங்க வேண்டிய அலைக்கு மேலும் கீழும் தட்டையான முகடு விழுகிறது. கிளிப்பிங் என்று கிதார்க்காரர்களும் சவுண்ட்காரர்களும் சொல்வது இதைத்தான். தாழ்ந்த கூரையுள்ள அறையில் நெட்டையான ஆள் நிமிர முயல்வதைப் போன்ற சங்கதி இது. இந்த அத்தியாயம் முழுக்க அந்தக் கூரையைப் பற்றித்தான். ஏனென்றால் கிதாரிலிருந்து ரசிகரின் காது வரை இருப்பது ஒரு கூரையல்ல, வரிசையாக ஐந்தாறு கூரைகள்.

முகடு தட்டையானால் காதுக்கு என்ன கேட்கிறது? நயமான ஒற்றை அலை 110 ஹெர்ட்ஸில் அதிர்ந்தால் அதில் 110 மட்டுமே இருக்கும். அதன் தலையை இருபுறமும் ஒரே அளவாக வெட்டினால் 330, 550, 770 என்று ஒற்றைப்படை மடங்குகள் புதிதாகப் பிறக்கும். வெட்டு எவ்வளவு கூர்மையோ அவ்வளவு உயரம் வரை அந்த வரிசை நீளும். மேல்பக்கம் ஒரு மாதிரியும் கீழ்ப்பக்கம் வேறு மாதிரியும் வெட்டினால் 220, 440 போன்ற இரட்டைப்படை மடங்குகளும் சேரும். பாஸ் நிறுவனத்தின் மஞ்சள் நிற எஸ்டி-1 பெடலில் ஒரு பக்கம் ஒரு டயோடும் மறுபக்கம் இரண்டும் இருப்பது அதற்காகத்தான். ஐபனேஸின் பச்சை நிற டியூப் ஸ்கிரீமரில் டயோடுகள் ஒலியின் நேர்வழியில் இல்லாமல் ஆப்-ஆம்பின் பின்னூட்டப் பாதையில் இருக்கின்றன. அதனால் வெட்டுப்பட்ட அலையோடு வெட்டுப்படாத அசல் அலையும் சேர்ந்தே வெளியே வருகிறது. மெதுவாக மீட்டினால் மென்மை, அழுத்தி மீட்டினால் கரகரப்பு என்று விரலுக்குப் பணிகிற குணம் அந்தப் பெடலுக்கு வந்தது இதனால்தான். டயோடுகளை நேராகத் தரையோடு கட்டும் பாஸ் நிறுவனத்தின் டிஎஸ்-1, 1978ஆம் ஆண்டுப் பெடல், அப்படிப் பணியாது. அது வெட்டும்போது வெட்டும்.

இந்த ஒலியைத் தரும் பெடல் ஒரு பழுதில் பிறந்தது. 1961இல் வெளியான மார்ட்டி ராபின்ஸின் பாடல் ஒன்றை நாஷ்வில்லில் ஒலிப்பதிவு செய்தபோது, கிரேடி மார்ட்டினின் ஆறு தந்தி பாஸ் கிதார் போன வழியில் மிக்சரின் டிரான்ஸ்பார்மர் கெட்டிருந்தது. அந்த உறுமலை அழிக்காமல் விட்டார்கள். அப்போது ஒலிப்பதிவாளராக இருந்த கிளென் ஸ்னாடி அதையே வேண்டும்போது வரவழைக்கும் சுற்று ஒன்றை வடிவமைத்தார். 1962இல் கிப்சன் நிறுவனம் அதை மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்று விற்றது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸ் அதை வைத்து வாசித்த பிறகுதான் கடைகளில் அது போணியானது.

நாஷ்வில்லின் அந்த உறுமல் வெளியான அதே 1961இல் சிங்கப்பூரின் காதில் விழுந்த மின் கிதார் அதற்கு நேர் எதிரானது. கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸும் அந்த ஆண்டு ஹேப்பி வேர்ல்டு அரங்கில் வாசித்தார்கள். ஷேடோஸ் குழுவின் ஹாங்க் மார்வினுடைய கிதார், எதிரொலி இயந்திரம் வழியாகத் துல்லியமாக, கண்ணாடிபோலத் தெளிவாக ஒலித்தது. அடுத்த சில ஆண்டுகளில் தீவு முழுக்கக் கிதார்க் குழுக்கள் முளைத்தன. பின்னாளில் ரெஜி வர்கீஸின் லீட் கிதாரால் அறியப்பட்ட குவெஸ்ட்ஸ் குழு, 1964இல் ‘ஷாண்டி’ என்ற பாட்டில்லாத இசைத்தட்டை வெளியிட்டு உள்ளூர்ப் பட்டியலின் உச்சிக்குப் போனது. அந்தத் தலைமுறைக்கு முகடு வெட்டுப்படுவது குறைபாடு. ஆம்ப் கரகரத்தால் குமிழைக் குறைப்பார்கள்.

முப்பது ஆண்டுக்குப் பின், 1992இல், சிங்கப்பூர் இந்திய இளைஞர்கள் ருத்ரா என்ற குழுவைத் தொடங்கினார்கள். கதிரேசன் பாஸ் கிதாரும் குரலும். டெத் மெட்டலின் இரைச்சலுக்குள் சமஸ்கிருத மந்திரங்களையும் வேதாந்தத்தையும் கொண்டுவந்து ‘வேத மெட்டல்’ என்று தங்கள் இசைக்குப் பெயர் வைத்தார்கள். முதல் ஆல்பம் 1998இல் வந்தது. இங்கே கிளிப்பிங் குறைபாடல்ல, கச்சாப்பொருள். கிதாரின் ஒவ்வொரு அலையும் வெட்டுப்பட்டே வெளியே வர வேண்டும், எப்போதாவது அல்ல, எப்போதும்.

மெட்டல் கிதார்க்காரர்கள் முழு கார்டுகளை விட்டுவிட்டு சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்த ‘பவர் கார்டு’ வாசிப்பதற்குக் காரணம் சோம்பல் அல்ல. இரண்டு சுரங்கள் ஒரே நேரத்தில் கூரையில் முட்டினால் அவற்றின் மடங்குகளின் கூட்டல்களும் கழித்தல்களும் மூன்றாவது, நான்காவது சுரங்களாக வெளியே வரும். சட்ஜம் 110 ஹெர்ட்ஸ், பஞ்சமம் 165 என்று வைத்துக்கொள்ளுங்கள். 165இலிருந்து 110 போனால் 55, அதாவது கீழ் ஸ்தாயி சட்ஜம். இரண்டையும் கூட்டினால் 275, அதாவது மேல் ஸ்தாயி அந்தர காந்தாரம். எப்படிக் கூட்டிக் கழித்தாலும் விடை 55இன் மடங்காகவே வருவதால் எல்லாம் ஒரே குடும்பமாக நிற்கும். தம்பூராவில் யாரும் மீட்டாத காந்தாரம் தானாக எழுவதைச் சங்கீதக் கச்சேரியில் கேட்டிருப்பீர்கள். தம்பூராவில் அதைத் தருவது தந்தியின் இயற்கையான மேற்சுரங்கள், இங்கே தருவது டயோடு. வழி வேறானாலும் கணக்கு ஒன்றுதான்.

அதோடு கிதாரில் காந்தாரத்தையும் சேர்த்து வாசித்தால் விபரீதம். கிதாரின் கட்டைகள் சம அளவுச் சுருதியில் பதிக்கப்பட்டவை. பஞ்சமம் அதில் 164.8 ஹெர்ட்ஸ், இயற்கையான 165க்கு மிக அருகில். காந்தாரமோ 138.6. இயற்கையான அந்தர காந்தாரம் 137.5. வித்தியாசம் 1.1 ஹெர்ட்ஸ்தான், தெளிவான ஒலியில் பலரும் கவனிக்கவே மாட்டார்கள். ஆனால் கிளிப்பிங்கில் காந்தாரத்தின் இரண்டு மடங்கிலிருந்து சட்ஜம் கழிந்து 167.2 என்ற புதிய சுரம் பிறக்கிறது. அது 164.8இல் இருக்கும் பஞ்சமத்தின் மேல் விழுந்து நொடிக்கு இரண்டு மூன்று முறை அலம்பும். காந்தாரம் 137.5 ஆக இருந்திருந்தால் விடை சரியாக 165 வந்திருக்கும். சுருதி சுத்தத்தைப் பற்றி நம் வித்வான்கள் கறாராக இருந்ததற்கு மிக உரத்த ஆதாரம் ஒரு டிஸ்டார்ஷன் பெடலில் கிடைக்கிறது என்பது எனக்கு வேடிக்கையாகவே இருக்கிறது.

கூரை எங்கே எவ்வளவு உயரம் என்று பார்க்கலாம். கிதாரின் பிக்கப்பிலிருந்து சாதாரண வாசிப்பில் வருவது ஒரு வோல்ட்டின் பத்தில் ஒன்றிரண்டு பங்கு. ஹம்பக்கர் பிக்கப் உள்ள கிதாரை ஓங்கி அடித்தால் ஒரு வோல்ட்டையும் கணநேரம் தாண்டும். 9 வோல்ட்டில் ஓடும் பெடலுக்குள் அலை நடுக்கோட்டிலிருந்து மேலும் கீழும் தலா நாலரை வோல்ட் போக இடமிருக்கிறது. நடைமுறையில் சுமார் மூன்றரைதான். சில பெடல்களை 18 வோல்ட்டில் ஓட்டலாம் என்று பெட்டியிலேயே எழுதியிருப்பார்கள். அது ஒலியைக் கூட்டுவதற்கு அல்ல, கூரையை உயர்த்துவதற்கு. டிஜிட்டல் டிலே, ரிவெர்ப் பெடல்கள் பலவற்றில் உள்ளே இருக்கும் சில்லுகள் 5 அல்லது 3.3 வோல்ட்டில் ஓடுபவை. அங்கே கூரை இன்னும் தாழ்வு.

மின்னழுத்தம் இரண்டு மடங்கானால் 6 டெசிபெல் கூடும், பத்து மடங்கானால் 20. காதுக்கோ ஒலி இரட்டிப்பானதாகத் தோன்றுவதற்கு ஏறத்தாழ 10 டெசிபெல் தேவை. 0.2 வோல்ட் அலையை 20 டெசிபெல் உயர்த்தும் பூஸ்ட் பெடல் 2 வோல்ட் ஆக்குகிறது. அடுத்து இன்னொரு பெடலின் குமிழ் 12 டெசிபெல் கூட்டும் நிலையில் இருந்தால் கணக்குப்படி 8 வோல்ட் வர வேண்டும். வராது. கூரையில் இடிக்கும். நீங்கள் ஒன்றுக்கும் ஆசைப்படாமல் வைத்திருந்த டிலே பெடல் அருவருப்பாகக் கரகரக்கும். குற்றம் டிலேயுடையது என்று நினைத்து அதை விற்றுவிட்டு வேறு வாங்குகிறவர்கள் நிறைய. பெனின்சுலா ஷாப்பிங் சென்டரின் பழைய சரக்குக் கடைகள் பிழைப்பது ஓரளவு இவர்களால்தான் என்று ஒரு சந்தேகம் எனக்கு உண்டு.

சமூக மன்ற மேடையோ ஜாமிங் ஸ்டூடியோவோ, சோலோ வரும்போது ஒரு கிதார்க்காரர் பூஸ்ட் பெடலை மிதிக்கிறார். ஒலி கூடவில்லை. இன்னும் கொஞ்சம் கொழகொழப்பானதுதான் மிச்சம், டிரம்முக்குப் பின்னால் கிதார் காணாமல் போகிறது. பூஸ்ட் அவருடைய வரிசையில் அலையை வெட்டும் ஓவர்டிரைவ் பெடலுக்கு முன்னால் இருக்கிறது. ஓவர்டிரைவின் கூரையில் அலை ஏற்கெனவே முட்டிக்கொண்டிருந்தது. 12 டெசிபெல் கூட்டி உள்ளே தள்ளினாலும் வெளியே ஒன்றிரண்டு டெசிபெல்தான் கூடும், மற்றதெல்லாம் வெட்டுப்பட்டுக் கரகரப்பாக மாறிவிடும். அதே பெட்டியை எடுத்து ஓவர்டிரைவுக்குப் பின்னால் வைத்து 4, 5 டெசிபெல் மட்டும் கூட்டினால் சோலோ முன்னே வந்து நிற்கும். முன்னால் வைத்தால் நிறம், பின்னால் வைத்தால் உரப்பு. பெடலின் மேல் ‘கெயின்’, ‘லெவல்’ என்று இரண்டு குமிழ்கள் இருப்பதும் இதற்காகத்தான். கெயின் கூரைக்குக் கீழிருந்து தள்ளுகிறது, லெவல் கூரைக்கு வெளியே வந்ததை அளந்து விடுகிறது.

நீண்ட வரிசையில் தேர்ந்தவர்கள் செய்வது, எந்தப் பெட்டி உடைய வேண்டும் என்று முதலில் தீர்மானிப்பது. பிறகு மற்ற எல்லாப் பெட்டிகளையும் உடையாமல் காப்பாற்றுவது. ஒவ்வொரு பெடலையும் தனித்தனியாக அணைத்தும் போட்டும் கேட்டு, போட்டபோதும் அணைத்தபோதும் உரப்பு ஒன்றாக இருக்கும்படி லெவல் குமிழை வைக்கிறார்கள். மீட்டரைப் பார்த்து அல்ல, காதால். இது முக்கியம். தலை வெட்டப்பட்ட சதுர அலைக்கு, அதே உயரமுள்ள வளைந்த அலையை விட இரண்டு மடங்கு திறன் உண்டு, 3 டெசிபெல். உச்சத்தைக் காட்டும் மீட்டரில் இரண்டும் ஒன்றாகத் தெரியும். காதுக்கு டிஸ்டார்ஷன் உரக்கக் கேட்கும். மேல் மடங்குகள் சேர்ந்திருப்பதால் இன்னும் கூடுதலாகவே கேட்கும்.

கெயினைத் தாராளமாக வைப்பதற்கு இன்னொரு விலையும் உண்டு. 40 டெசிபெல் உள்ளே தள்ளினால் தந்தியின் ஒலி நூறில் ஒரு பங்காகத் தேயும் வரை வெளியே சமமாகவே நிற்கும். கமகம் இழைக்க நீண்ட கார்வை கிடைக்கும், கிதாரில் நம் ராகங்களை வாசிப்பவருக்கு இது வரம். கூடவே சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் முனகலும் அதே 40 டெசிபெல் ஏறிவிடும். வாசிக்காதபோது ஒலியை அடைக்கும் நாய்ஸ் கேட் பெடலை மெட்டல்காரர்கள் விடாமல் வைத்திருப்பது இதனால்தான்.

இனி வீட்டுக்குள் போவோம். சிங்கப்பூர்வாசிகளில் நான்கில் மூன்று பங்குக்கும் மேல் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். ஒரு சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டுப் பாட்டி தூங்குகிறார். ஆம்பைக் கூரை முட்டும் அளவுக்குத் திறக்கும் வாழ்க்கை இங்கே யாருக்கும் வாய்க்காது. அதனால் ஊரே ஹெட்போனிலும் சின்ன ஸ்பீக்கரிலும்தான் பயிற்சி செய்கிறது. படுக்கையறையில் தேனாக ஒலித்த அமைப்பு மேடையில் ஏன் அலங்கோலமாகிறது என்று பலர் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933இலேயே விடை எழுதிவிட்டார்கள். மெல்லிய ஒலியில் நம் காது கீழ்ச்சுரங்களையும் உச்சச் சுரங்களையும் குறைவாகக் கேட்கும். 1,000 ஹெர்ட்ஸில் 40 டெசிபெல் ஒலிக்கு இணையாகத் தோன்ற 100 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 20 டெசிபெல் கூடுதல் வேண்டும். மேடை உரப்பில் அந்த இடைவெளி ஏறத்தாழப் பாதியாகச் சுருங்கும். ஆகவே படுக்கையறையில் பாஸையும் டிரெபிளையும் ஏற்றி, நடுப்பகுதியைக் குறைத்துச் செதுக்கிய ஒலி, மேடையில் அடியில் குமுறி மேலே கீச்சிடும். கிதாரின் உயிர் இருக்கும் நடுப்பகுதியோ பாடகரின் குரலுக்கும் கீபோர்டுக்கும் அடியில் புதைந்துவிடும். வீட்டில் சற்றுச் சப்பென்று இருக்கும் ஒலிதான் பெரும்பாலும் மேடையில் எடுபடும்.

மேடைக்கு ஆம்ப் கொண்டுபோகாமல் மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டியை நேராக மிக்சரில் செருகுகிறவர்களுக்கு இன்னும் இரண்டு கவனம். கிதார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் வேகமாக இறங்கிவிடும். வெட்டுப்பட்ட அலையின் கூர் முனைகளை அதுதான் இத்தனை காலம் மழித்துக் கொடுத்தது. அது இல்லாமல் மிக்சருக்குப் போனால் டிஸ்டார்ஷன் வண்டு ரீங்காரமாகிவிடும். பெட்டிக்குள் இருக்கும் கேபினெட் பாவனையைப் போட மறக்கக்கூடாது. இரண்டாவது, பெட்டியின் லைன் அளவு ஒலி ஒரு வோல்ட்டை ஒட்டியது. மிக்சரின் மைக் வாயில் மில்லிவோல்ட்டுகளை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறது. இங்கே முட்டினால் வரும் கரகரப்பு நீங்கள் ஆசைப்பட்ட கரகரப்பு அல்ல. சவுண்ட்காரரிடம் அளவைக் குறைக்கும் பேட் பொத்தானை அழுத்தச் சொல்வதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

டிஜிட்டல் கூரைதான் எல்லாவற்றிலும் கறாரானது. இந்தக் கதையிலும் சிங்கப்பூருக்குப் பங்குண்டு. சிம் வோங் ஹூ 1981இல் சைனாடவுனின் பேர்ல்ஸ் சென்டரில் தொடங்கிய கிரியேட்டிவ் டெக்னாலஜி, 1989இல் சவுண்ட் பிளாஸ்டர் என்ற கணினி ஒலி அட்டையை வெளியிட்டது. ஹார்மோனிகா வாசிப்பவர் அவர், 2023 ஜனவரியில் காலமானார். அந்த முதல் அட்டை 8 பிட். அலையின் உயரத்தைச் சொல்ல 256 படிகள், ஏறத்தாழ 48 டெசிபெல் இடைவெளி. மெல்ல வாசித்தால் படிகளின் இரைச்சல், உரக்க வாசித்தால் கூரை. 16 பிட்டில் இடைவெளி 96 டெசிபெல், 24 பிட்டில் கணக்குப்படி 144. இன்று வீட்டில் கிதாரைப் பதிவு செய்கிறவர் உச்சத்தை எண்களின் எல்லைக்கு 12 டெசிபெல் கீழே வைத்துக்கொள்வதால் இழப்பது 2 பிட் மட்டுமே. சிவப்பு விளக்கு எரியும் வரை ஏற்றுவது பழைய அட்டைகளின் காலத்துப் பழக்கம்.

டயோடின் கூரைக்கும் எண்களின் கூரைக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று. 3,000 ஹெர்ட்ஸ் சுரம் வெட்டுப்பட்டால் 9,000, 15,000, 21,000, 27,000 என்று மடங்குகள் பிறக்கும். டயோடில் 27,000 காதுக்கு எட்டாமல் போய்விடும். நொடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் டிஜிட்டல் முறையில் 22,050க்கு மேல் எதற்கும் இடமில்லை. 27,000 மடங்கித் திரும்பி 17,100 ஆக இறங்கிவரும். 17,100 மூன்றாயிரத்தின் மடங்கல்ல, எந்தச் சுரத்துக்கும் உறவில்லாத அந்நியன். இப்படி இறங்கிவரும் கூட்டம்தான் டிஜிட்டல் கிளிப்பிங்கை இசையாக இல்லாமல் பழுதாகக் கேட்க வைக்கிறது. நல்ல மல்டி எஃபெக்ட்ஸ் பெட்டிகள் உள்ளே மாதிரி வேகத்தைப் பல மடங்கு ஏற்றி, அங்கே வெட்டி, வேண்டாததை வடிகட்டிவிட்டுப் பழைய வேகத்துக்கு இறங்குகின்றன.

பதிவு மென்பொருளுக்குள்ளே போனபின் கவலை குறைவு. கேக்வாக் போன்றவை உள்ளே மிதவைப் புள்ளிக் கணக்கில் ஓடுவதால் அங்கே கூரை என்று சொல்லத்தக்க ஒன்று இல்லை. அந்தக் கேக்வாக்கை 2018இல் கிப்சனிடமிருந்து வாங்கி இலவசமாகக் கொடுத்ததும் ஒரு சிங்கப்பூர் நிறுவனம்தான், பேண்ட்லேப். உள்ளே சிவப்பு தெரிந்தாலும் மாஸ்டர் குமிழை இறக்கி மீட்டுவிடலாம். உள்ளே வரும் வாசலிலும் வெளியே போகும் வாசலிலும் வெட்டுப்பட்டதை மட்டும் யாராலும் ஒட்ட முடியாது.

கடைசிக் கூரை காது. சிங்கப்பூரின் வேலையிடச் சத்த விதிகள் எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல் என்று எல்லை வைத்திருக்கின்றன. 3 டெசிபெல் கூடினால் நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லில் கால் மணி நேரம்தான். சிறிய ஜாமிங் ஸ்டூடியோவில் டிரம் மட்டுமே அந்த அளவைத் தொட்டுவிடும், கிதார் அதற்கு மேல் ஏறத்தான் பார்க்கும். காதில் செருகி போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நுரையால் செய்த சாதாரணச் செருகி மேல்சுரங்களை அதிகமாக விழுங்கும். அதைப் போட்டபடியே பெடலைத் திருப்பினால் டோன் குமிழ் உங்களை அறியாமல் தேவைக்கு மேல் ஏறியிருக்கும். இசைக்கலைஞர்களுக்கென்று எல்லாச் சுரங்களையும் ஒரே அளவில் குறைக்கும் செருகிகள் விற்கின்றன. அது இல்லாதவர்கள் ஒரு நிமிடம் செருகியைக் கழற்றி, டிரம்மரை நிறுத்தச் சொல்லி, மெல்லிய ஒலியில் குமிழ்களை வைத்துவிட்டு, அவற்றின் நிலையை டேப் ஒட்டிப் பேனாவால் குறித்துக்கொள்ளலாம்.